நரம்பின் வழியே செல்லும் செய்தி

நரம்பு என்னும் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்குகின்றது. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பே. வெற்றிலையின் அடிப்புறத்தே புடைத்து நிற்பதும் நரம்பே. முதியவரின் புறங்கையிற் பச்சையாகத் தோன்றும் இரத்தக்குழாயையும் ஊரார் நரம்பென்றே கூறுவர். உடல்நூலார் கூறும் நரம்பு இவற்றுள் எதுவுமன்று. அது வெண்ணிறமான, மென்மையான நூற்கற்றை. அதனூடே ஓடுவது இரத்தமன்று, செய்தி. மூளையிலிருந்தும் முள்ளந்தண்டினுள் அமைந்த முண்ணாணிலிருந்தும் புறப்பட்டு, விரல் நுனிவரை கிளைத்துப் பரவி, உள்ளிருந்து கட்டளையையும் வெளியிலிருந்து உணர்ச்சியையும் அது கொண்டு செல்கின்றது.

செய்தி எவ்வுருவில் ஓடுகின்றது? ஏதோ ஒரு நுண்ணிய ஆவி நரம்பினுள் ஓடுவதாக ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். இத்தாலியப் பேராசிரியர் கல்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை ஆராய்ந்து 1791இல் வெளியிட்ட நூல் அந்நம்பிக்கையை அசைத்தது. நரம்பில் ஓடுவது மின்சாரமே என்ற எண்ணம் பரவலாயிற்று. மின்சாரமாயின், அதன் வேகத்தை அளப்பது எங்ஙனம்? அது மனிதராற் கூடாத காரியம் என்றே அக்காலத்துப் பேரறிஞராகிய யொகான்னஸ் முல்லர் கருதினார்.

அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ஆம் ஆண்டில் அதனை அளந்துவிட்டார். அவர் கையாண்ட முறை மிக எளிது. தவளையின் காற்றசையை அதன் நரம்போடு எடுத்தார். தசைக்கு அண்மையில் நரம்பைத் தூண்டி, தசை சுருங்க எவ்வளவு நேரம் சென்றதென்று கணித்தார். பின்னர், தசைக்குத் தூரத்தே அதே நரம்பைத் தூண்டினார். இம்முறை சிறிது கூடுதலான நேரம் சென்றது. இரு இடங்களுக்கும் இடைப்பட்ட நீளத்தை அந்நேர வேறுபாட்டால் வகுக்க, வேகம் கிடைத்தது: செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர். விரைந்து செல்லும் புகையிரதத்தின் வேகம் இது. மின்கம்பியில் ஓடும் செய்தியின் வேகத்துக்கு இது எவ்வகையிலும் ஈடாகாது. எண்ணியவுடனே கை அசைகிறதென்று நாம் கருதினும், எண்ணத்துக்கும் அசைவுக்கும் இடையே அளக்கத்தக்க ஒரு காலம் கழிகின்றது.

ஆகவே நரம்பைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிடுதல் பொருந்தாது. பாடநூல்களில் அவ்வுவமை இன்னும் நின்று நிலவுவது வியப்பே. சீனவெடிச் சரம் அதனினும் நல்ல உவமை. சரத்தின் ஒரு நுனியிற் பற்றவைத்த நெருப்பு, ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைக்க, வலிமை குன்றாமல் மறு நுனிவரை செல்கின்றது. நரம்பு நாரிலும் அவ்வாறே ஒவ்வோர் இடமும் தனக்கு அடுத்த இடத்தைத் தூண்டுகின்றது. ஒரு வேறுபாடு உண்டு: வெடித்த சரம் வெடித்ததுதான்; நரம்பு நாரோ செக்கனின் ஆயிரத்திற் சில பங்கு நேரத்துள் மீண்டும் ஆயத்தமாகிவிடும்.

இதன் உள்வேலையை அறிவித்தது, நம் கடற்கரைச் சந்தைகளில் விலைப்படும் கணவாயின் இனத்தைச் சேர்ந்த ஒரு கடற்பிராணி. அதன் உடலில் அரை மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட பருமனுள்ள நரம்பு நார் உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய இருவரும் 1939இல் அந்நாரினுள் மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, உள்ளே நிலவும் மின்னழுத்தத்தை நேரே அளந்தனர். ஓய்விலிருக்கும் நாரின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க எதிர்மின் தன்மையுடையது. இவ்வேறுபாடு ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று. கைவிளக்கில் இடும் மின்கலத்தின் அழுத்தத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. தூண்டப்பட்ட நாரில் இது பூச்சியத்துக்கு வந்து நிற்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அதுவோ பூச்சியத்தைக் கடந்து நேர்மின் பக்கத்துக்கே பாய்ந்தது. காரணத்தைத் துருவுமுன் உலகப்போர் மூண்டது.

விடை 1952இல் வந்தது. நாரைப் போர்த்திருக்கும் மென்சவ்வில் மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. தூண்டல் எட்டியதும் முதலிற் சோடிய வாயில்கள் திறக்க, வெளியே மிகுந்திருக்கும் சோடியம் அயன்கள் உட்புகுகின்றன. உட்புறம் நேர்மின் ஆகின்றது. உடனே அவை மூடிக்கொள்ள, பொற்றாசிய வாயில்கள் திறந்து, உள்ளே மிகுந்திருக்கும் பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றது. இதனைச் சமன்பாடுகளாற் காட்டவேண்டியிருந்த வேளையில், கேம்பிரிட்ஜின் கணனி திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தமையால், ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் கணக்குப் பொறியைக்கொண்டே வாரக்கணக்கில் இருந்து கணித்து முடித்தார். 1963இல் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது.

மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் நாரில் எழும் துடிப்பு ஒரே அளவினதே. அழுத்தம் கூடக்கூடத் துடிப்புகளின் எண்ணிக்கையே கூடும். நார்களின் வேகமோ வேறுபடும். மனிதருடைய தடித்த நார்களை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திருக்கின்றது. உறையின் இடைவெளிகளிற் செய்தி தாவித் தாவிச் செல்வதால், செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேலும் போகக்கூடும். உறையற்ற மெல்லிய நார்களில் அது ஒரு மீற்றர் அளவிலேயே ஊர்கின்றது. வழியிற் கிடக்கும் கல்லிற் கால்விரல் தட்டியவர் இதனை அறிவர். முதலிற் சுரீரென்று ஒரு நோவு. ஓரிரு செக்கன் கழித்துக் கடுத்து வரும் இரண்டாவது நோவு. ஒரே அடியின் இரு செய்திகள் இருவேறு வேகத்தில் வந்து சேர்கின்றன.

இனி, நார் முடியுமிடத்துக்கு வருவோம். அங்கே நரம்பும் தசையும் ஒட்டியிருப்பதில்லை. இடையே ஒரு மில்லிமீற்றரின் இருபதாயிரத்தில் ஒரு பங்களவான இடைவெளி உண்டு. சரம் அறுந்தவிடத்தில் நெருப்பு அணையவேண்டுமல்லவா? செய்தி எங்ஙனம் அப்பாற் செல்கின்றது?

ஒத்ததொரு கேள்விக்கு விடை காணும் வழியை ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஒட்டோ லோவி கனவிற் கண்டாராம். இரவில் விழித்துக் குறித்து வைத்தார். காலையில் தம் கையெழுத்தைத் தாமே வாசிக்க முடியவில்லை. மறுநாளிரவு கனவு மீண்டும் வர, அப்பொழுதே எழுந்து ஆய்கூடத்துக்கு ஓடினார். அவர் 1921இல் வெளியிட்ட அச்சோதனை இதுதான்: ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பைத் தளர்த்தினார். அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து வேறோர் இதயத்தில் இட்டார். யாதொரு நரம்பும் தூண்டப்படாத அவ்விரண்டாம் இதயமும் தளர்ந்தது. நரம்பின் முனையிலிருந்து ஒரு பொருள் சுரந்து செய்தியைக் கடத்துகின்றதென்பது வெளியாயிற்று. அது அசற்றைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. தசைகளுக்குச் செல்லும் நரம்பின் முனைகளிலும் அப்பொருளே சிறு பைகளில் அடைபட்டிருக்கின்றது. செய்தி எட்டியதும் இடைவெளியிற் கொட்டப்பட்டு, தசையின் மேலுள்ள வாங்கிகளிற் பொருந்தி, தசையைச் சுருக்குகின்றது.

இலங்கையின் வறண்ட பகுதிகளில் வாழ்வோருக்கு இவ்விடைவெளி ஏட்டுக்கல்வியோடு நின்றுவிடும் செய்தியன்று. கட்டுவிரியன் தன் நஞ்சைச் செலுத்துவது இங்கேதான். பெயரில் விரியன் என்றிருப்பினும் அது விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; நாகத்துக்கே நெருங்கிய உறவு. இரவில் வெறுந்தரையிற் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டும். பற்கள் நுண்ணியவையாதலால் நோவு சிறிது. கடிவாய் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். நடுநிசியில் வயிறு வலிக்கிறதென்று எழுந்தவரைச் செரியாமை என்று சுக்குநீர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவர். இதற்குள் நஞ்சு நரம்பு முனைகளுட் புகுந்து, அசற்றைல்கோலின் பைகளை வெறுமையாக்கி, முனைகளையே சிதைத்துவிடுகின்றது. விடியும்வேளை இமைகள் தாமே தாழும். பின்னர் விழுங்குதல் அரிதாகும், குரல் மங்கும், இறுதியில் மூச்சுத் தசைகள் ஓயும்.

இந்நிலையில் ஒரு கொடுமை உண்டு. நஞ்சு தசையின் வாயிலை அடைத்ததேயன்றி மூளையைத் தொடவில்லை. இதயமும் நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல் தானே துடிப்பதாகையால் ஓயவில்லை. கண் திறவாமல், விரலசையாமல், கண்மணியும் ஒளிக்குச் சுருங்காமற் கிடப்பவர், சுற்றி நின்று அழுவோரின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். பார்வைக்குப் பிணம் போன்ற அவரை இறந்தார் எனக் கைவிடுவது பெரும் பிழையாகும். இத்தகையோர் பலர் பிழைத்து எழுந்து, கேட்டவற்றைச் சொல்லியிருக்கின்றனர்.

கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கேயன்றிப் பயனில்லை. வைத்தியசாலையில் ஏற்றும் நஞ்செதிர் மருந்து இரத்தத்தில் உலவும் நஞ்சை முறிக்கும். ஆயினும் முன்னரே சிதைந்த நரம்பு முனைகளைச் சீராக்க அதனால் இயலாது. அம்முனைகள் தாமே புதிதாய் முளைத்தல் வேண்டும். அதற்குச் சில நாட்கள் செல்லும். அதுவரையில் மூச்சுப்பொறி அவருக்காக மூச்சுவிடும். தாழ்ந்த இமைகள் சிறிது சிறிதாக உயரும். பின்னர் ஒருநாள் அவர் பொறியின்றித் தாமே மூச்செடுப்பார்.