கத்தி வைக்காமல் தோலை இறுக்கும் சிகிச்சைகள்: தெரிவு செய்யுமுன் அறியவேண்டியவை



கோடை வந்தால் லாசாலில் எமது குடும்பங்களுக்குக் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று ஓய்வே இராது. வீடியோவும் படமும் எடுக்கும் நாள் நெருங்க, தாடைக்குக் கீழே தொங்கும் தோலும் வாயோரத்து மடிப்பும் பலருக்குக் கவலையாகி விடுகின்றன. "ஒப்பரேஷன் இல்லை, அன்றே வீடு திரும்பலாம்" என்ற விளம்பரங்கள் அந்த நேரத்தில் கண்ணில் படுகின்றன. எந்த மெஷின் நல்லது என்பதே நாம் கேட்கும் முதற் கேள்வி. ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டியவை மூன்று உண்டு. தோல் எவ்வளவு தளர்ந்துள்ளது? அதன் நிறம் என்ன? செய்பவர் யார்?

தோல் ஏன் தளர்கிறது?

தோலின் உட்படையில் உள்ள கொலாஜன், எலாஸ்ரின் என்னும் புரதங்களே அதற்கு உறுதியும் மீள்தன்மையும் தருகின்றன. வயது ஏற ஏற இவை குறைகின்றன. வெயிலும் புகைத்தலும் இந்தக் குறைவை விரைவாக்கும். நீரிழிவுக்கோ உடற்பருமனுக்கோ ஊசிமருந்து எடுத்து வேகமாக மெலிந்தவர்களுக்குக் கன்னக் கொழுப்புக் கரைந்து தோல் தொய்வதும் உண்டு.

இந்தச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை உட்படையைச் சூடாக்குகின்றன. சூட்டில் கொலாஜன் சுருங்குகிறது. பின்னர் உடல் அந்த இடத்தை ஆற்றும்போது புதிய கொலாஜனை உருவாக்குகிறது. ஆகவே பலன் மறுநாளே தெரியாது; இரண்டு மூன்று மாதங்கள், சிலவேளை ஆறு மாதங்கள்கூடச் செல்லும். சிறிதளவு அல்லது நடுத்தரமான தளர்வுக்கே இவை உதவும். கழுத்துத் தோல் மடிந்து தொங்கினால் சத்திரசிகிச்சை தரும் மாற்றத்தை எந்த மெஷினும் தராது.

முக்கிய முறைகள்

ரேடியோ அலை: மின்சக்தியால் தோலின் உட்படையைச் சூடாக்கும் முறை. முகச் சுருக்கத்துக்கு இவ்வகைக் கருவி ஒன்று அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்றது. தோலின் நிறத்தை நம்பி இயங்காததால் எமது தோலுக்கு ஓரளவு பொருத்தமானது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

குவித்த அல்ட்ராசவுண்ட்: ஒலி அலைகளை 4.5 மில்லிமீற்றர் ஆழம் வரை புள்ளி புள்ளியாகக் குவித்துச் சூடாக்கும். புருவத்தை உயர்த்த 2009இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இதுவும் நிறத்தைப் பொறுத்ததல்ல. செய்யும்போது நோகும். மெலிந்த முகத்தில் கொழுப்பு மேலும் குறைய இடமுண்டு.

நுண்ஊசியுடன் ரேடியோ அலை: மெல்லிய ஊசிகளைச் செலுத்தி அவற்றின் வழியே சூடு கொடுக்கப்படும். பருத் தழும்புக்கும் பயன்படுகிறது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் ஆகியன ஏற்பட்டதாக முறைப்பாடுகள் வந்ததால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஒக்டோபரில் இதுபற்றி எச்சரித்தது. சத்திரசிகிச்சை இல்லை என்பதற்காக ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

லேசரும் ஒளிச் சிகிச்சையும்: எமக்கு மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சும். மாநிறத் தோலில் மெலனின் அதிகம் என்பதால் மேற்தோல் சுடுபட்டுக் கரும்படலம் விழலாம். அது மறைய மாதக்கணக்கும் ஆகலாம்.

நிறம் ஏன் முக்கியம்?

தோலை வகைப்படுத்த வைத்தியர்கள் பயன்படுத்தும் அளவுகோலை அமெரிக்கரான பிற்ஸ்பற்றிக் 1975இல் உருவாக்கியபோது அது வெள்ளைத் தோலுக்கானதாகவே இருந்தது. பழுப்பும் கருமையும் பின்னரே சேர்க்கப்பட்டன. எம்மவரில் பெரும்பாலோர் 4ஆம், 5ஆம் வகையினர். எனவே வெள்ளைத் தோலில் எடுத்த "முன் - பின்" படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எம்மைப் போன்ற நிறமுடையவர்களின் படங்களைக் காட்டும்படி கேளுங்கள். நுளம்புக் கடி, பரு, சூட்டுக் காயம் ஆகியவை உங்களுக்குக் கருமையான தழும்பாகவோ மேடான தழும்பாகவோ மாறுவதுண்டா? அதை முதலிலேயே சொல்லுங்கள்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

• சிகிச்சை செய்பவர் யார்? வைத்தியர் என்றால் அவர் பெயர் கியூபெக் வைத்தியர்களின் ஒழுங்கமைப்பான கொலேஜ் தெ மெட்சானின் இணையப் பதிவேட்டில் இருக்கவேண்டும்.

• கருவியின் பெயரும் தயாரிப்பாளரும் யார்? ஹெல்த் கனடாவின் அனுமதி உண்டா என்று அதன் இணையப் பட்டியலில் பார்க்கலாம்.

• எத்தனை தடவை செய்யவேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? அழகுக்காக மட்டும் செய்வதைக் கியூபெக் மருத்துவ அட்டை ஏற்காது. 2010 மார்ச் முதல் இவற்றுக்கு வரியும் உண்டு. இரு விற்பனை வரிகளும் சேர்ந்து 14.975 வீதம். 2,000 டொலர் என்று சொன்னால் கையிலிருந்து போவது 2,299.50 டொலர்.

• தோல் சுடுபட்டால் யார் பார்ப்பார்கள்? எந்த நேரத்தில் யாரைத் தொடர்புகொள்வது?

"இன்றைக்கு மட்டும் கழிவு" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். பல தடவைக்கான பணத்தை ஒரேயடியாகக் கேட்டால், கையொப்பமிடுமுன் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திடம் விசாரியுங்கள்.

எப்போது, எப்படி?

ஆடி மாதக் கலியாணத்துக்கு ஆனியில் போவதில் பயனில்லை. பலன் தெரிய மாதங்கள் ஆகும். கோடை வெயில் கரும்படலத்தை மேலும் கருமையாக்கும். இலையுதிர்காலமோ குளிர்காலமோ நல்லது. முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். கர்ப்பிணிகள் இவற்றைத் தள்ளிப்போடுவதே நல்லது. நீரிழிவு உள்ளவர்களும் இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர்களும் குடும்ப வைத்தியரிடம் முன்கூட்டியே பேசவேண்டும்.

செலவு குறைந்த வழியையும் மறக்கவேண்டாம். எஸ்.பி.எவ். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசுங்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் தோலைத் தாக்கும். புகைப்பவர்கள் அதை நிறுத்துங்கள். ஒரு வருடம் இவற்றைக் கடைப்பிடித்த பின்னரும் சிகிச்சை வேண்டுமென்று தோன்றினால், மேலே சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். அவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடமே முகத்தைக் கொடுங்கள்.