முயலின் கண்ணில் ஒரு துளி

தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு நுரை கண்ணில் பட்டால் என்ன செய்வோம்? கையால் துழாவிச் சொம்பைப் பிடித்து, தண்ணீரை அள்ளி அடிப்போம். ட்ரெய்ஸ் சோதனைக்கு உட்படும் முயலுக்கு அந்த வழி கிடையாது. தலை மட்டும் வெளியே தெரியும்படி அதைப் பெட்டியில் அடைப்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, 0.1 மில்லிலிட்டர் திரவத்தை ஒரு கண்ணில் விடுவார்கள். மறு கண், ஒப்பிட்டுப் பார்க்க. 24, 48, 72 மணி நேரம் கழித்துச் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் கருவிழி வெளுத்ததற்கும் மதிப்பெண் போடுவார்கள். முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துக்கொள்ளக்கூட முடியாது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் ட்ரெய்ஸ் 1944-ல் வகுத்த முறை இது. இதற்கு முன்கதை உண்டு. 1933-ல் 'லேஷ் லூர்' என்ற கண்ணிமைச் சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது. 1937-ல் நச்சுக் கரைப்பானில் கலந்த சல்ஃபானிலமைடு மருந்து, குழந்தைகள் உட்பட 100-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விற்பனைக்கு முன் சோதிக்கும்படி எந்தச் சட்டமும் அன்று சொல்லவில்லை. 1938-ல் சட்டம் வந்தது. சோதனைச் சுமை விலங்குகள் மேல் இறங்கியது.

ஆனால் முயலின் கண் நம் கண் அல்ல. அதற்கு மூன்றாவது இமை உண்டு, கண்ணீரும் குறைவு. 1980-ல் விலங்குரிமை ஆர்வலர் ஹென்றி ஸ்பைரா, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தைக் கேட்டு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அந்த நிறுவனமே மாற்று வழி தேடும் ஆய்வுக்குப் பணம் தந்தது. இன்று இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கருவிழியிலும், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் திசுவிலும் சோதிக்க முடிகிறது. இந்தியா 2014-ல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிக்கத் தடை விதித்தது. அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு தடை வந்தது.

மருந்து விஷயம் இவ்வளவு எளிதல்ல. நாய்களிடம் செய்த சோதனைகள் வழியாகத்தான் இன்சுலின் கிடைத்தது. அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. அதே நேரம், விலங்குச் சோதனை உத்தரவாதமும் அல்ல. 2006-ல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்து, குரங்குகளுக்குப் பாதிப்பில்லாமல் கொடுத்த அளவில் 500-ல் ஒரு பங்குதான் மனிதர்களுக்கு ஏற்றப்பட்டது. ஆறு இளைஞர்கள் உள்ளுறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உயிர் காக்கும் மருந்துக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும் விலங்கை நாடலாம் என்பது என் கருத்து. அந்த 'வேறு வழி' விரிந்துகொண்டே வருகிறது: மனித செல்கள், உறுப்புபோல் இயங்கும் சில்லுகள், கணினி மாதிரிகள் வழியான சோதனைகளை 2023-ல் திருத்தப்பட்ட இந்திய மருந்து விதிகள் ஏற்கின்றன.

நம் நாட்டுத் தடை அழகுசாதனங்களோடு நின்றுவிடுகிறது. தரை துடைக்கும் திரவமும் கழிப்பறை கிளீனரும் அதில் வராது. அடுத்த முறை அவற்றை வாங்கும்போது, பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, விலங்குகளிடம் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.