பெண் சுன்னத்து மார்க்கக் கடமையா?



நெய்வேலி நகரியத்துப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆத் தொழுகை நிறைவுற்று மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சுரங்கத் தொழிலாளர் ஒருவர் என்னருகே வந்தமர்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல இயலாது நெடுநேரம் தயங்கினார். பின்னர், "ஹஜ்ரத், என் மகளை இலங்கையில் மணமுடித்துக் கொடுத்திருக்கிறேன். பேத்தி பிறந்து முப்பது நாளாகிறது. நாற்பதாம் நாள் குழந்தைக்குச் சுன்னத்துச் செய்ய வேண்டும் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். அதற்கென்றே ஒஸ்தா மாமி என்று ஒரு பெண்மணி வருவாராம். பெண் குழந்தைக்கா என்று என் மகள் அழுகிறாள். இது மார்க்கமா?" என்று கேட்டார்.

மதரசாவில் பல்லாண்டுகள் ஃபிக்ஹு நூல்களை ஓதிக்கொடுத்தவன் நான். அந்நூல்களில் இது பற்றி வரும் வரிகளுக்குப் பொருள் கூறி, அடுத்த பாடத்திற்குச் சென்றிருக்கிறேன். அவ்வரிகளுக்குப் பின்னால் ஒரு பச்சிளங்குழவியின் அழுகுரல் இருக்கிறதென்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று அப்பெரியவரின் முன்னே என் உள்ளம் நாணிற்று.

பெண்மக்களின் மறைவுறுப்பில் ஒரு பகுதியை அறுப்பதும், கீறுவதும், குத்துவதும் ஆகிய இவ்வழக்கம் உலகில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்களைத் தீண்டியிருப்பதாக யூனிசெஃப் நிறுவனம் 2024இல் கணக்கிட்டது. தமிழகத்து முஸ்லிம்களுள் பெரும்பாலோர் இதனைக் கேள்வியுற்றதுமில்லை. ஆயினும் கடல் கடந்த நம் உறவுகளிடம் இது உண்டு. நம் நாட்டிலேயே தாவூதி போரா சமூகத்தில், ஏழு வயதளவில் சிறுமியருக்கு இதனைச் செய்யும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அச்சமூகத்துப் பெண்களே முன்வந்து தம் வேதனையை வெளியே சொன்னார்கள். 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்று தொடரப்பட்டு, 2018 செப்டம்பரில் அது அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இனி, ஆதாரத்தைப் பார்ப்போம். திருமறையில் இதற்கு ஒரு வசனமும் இல்லை. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸையே பலரும் எடுத்துக்காட்டுவர். அதனைத் தம் நூலில் பதிவு செய்த இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே, அதன் அறிவிப்பாளருள் ஒருவர் அறியப்படாதவர் என்றும், அந்த ஹதீஸ் பலவீனமானது என்றும் குறித்துவிட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் அருமைப் புதல்வியருக்கு இதனைச் செய்வித்தார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த அறிவிப்பு இல்லை. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவர்களிடையேயும் இவ்வழக்கம் உண்டு. துருக்கி, மொராக்கோ போன்ற முஸ்லிம் நாடுகளிலோ இது மரபாக இருந்ததில்லை. அவ்வாறாயின் இது தீனின் அடையாளமா, நாட்டு வழக்கமா? நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

உண்மையை மறைத்தல் அறிஞர்க்கு அழகன்று. ஷாஃபி மத்ஹபின் நூல்களில் இது இருபாலார்க்கும் கடமை என்ற கூற்று இருக்கிறது. 2008இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபையும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அந்த இமாம்கள் பேரறிஞர்கள், ஐயமில்லை. ஆனால் இரத்தப்போக்கு, நச்சுத்தொற்று, சிறுநீர்த் துன்பம், பேறுகாலச் சிக்கல் என மருத்துவர்கள் இன்று பட்டியலிடும் கேடுகளை அவர்கள் முன் எவரும் எடுத்துவைக்கவில்லை. கேடு அகற்றப்பட வேண்டும் என்பதும் அதே ஃபிக்ஹின் அடிப்படை விதியேயன்றோ! அறியாததை அறிந்தோரிடம் கேட்கும்படி திருமறை பணிக்கிறது. உடலைப் பற்றி அறிந்தோர் மருத்துவர்கள். இதனால் ஒரு நன்மையும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

"சிறு கீறல்தானே, மருத்துவரைக் கொண்டு செய்தால் என்ன?" என்பர் சிலர். 2007இல் எகிப்தின் மின்யா மாகாணத்தில் ஒரு சிறுமி மருத்துவரின் கையாலேயே உயிரிழந்தாள். அதன் பின்னர் அந்நாட்டின் தலைமை முஃப்தி அலீ ஜுமுஆ அவர்கள் இது விலக்கப்பட்டது என அறிவித்தார்கள். 2008இல் சட்டமும் வந்தது. இலங்கைச் சுகாதார அமைச்சும் 2018இல் மருத்துவர்கள் இதனைச் செய்யலாகாதெனச் சுற்றறிக்கை விடுத்தது.

எனினும் சட்டம் மட்டும் போதுமா? நெய்வேலிவாசிகள் ஓர் உண்மையை அறிவர். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் அதனை இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கம் நிற்கும். வழக்கத்தின் அழுத்தமும் அத்தகையதே. உறவினர் என்ன சொல்வர், நாளை யார் பெண்ணெடுப்பர் என்ற அச்சம் அடியிலிருந்து மேலெழுந்தவண்ணம் இருக்கிறது. ஓயாத கல்வியால்தான் அதனை இறைக்க முடியும்.

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் மலிகுண்டா பம்பாரா என்னும் சிற்றூர்ப் பெண்கள், தம் தாய்மொழியில் உடல்நலக் கல்வி பயின்று, 1997 ஜூலையில் இவ்வழக்கத்தைக் கைவிட்டதாக ஊரறிய அறிவித்தனர். தெம்பா ஜாவரா என்னும் இமாம் அதனைக் கண்டார். கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்களெல்லாம் சேர்ந்து விட்டாலன்றி ஓர் ஊர் மட்டும் விட இயலாது என்று உணர்ந்தார். உறவினர் வாழும் ஊர்களுக்குக் கால்நடையாகவே சென்று எடுத்துரைத்தார். 1998 பிப்ரவரியில் 13 ஊர்களின் பிரதிநிதிகள் கூடிக் கைவிடுவதாக உறுதி கூறினர். அந்நாட்டுச் சட்டம் அதன் பின்னரே, 1999இல் வந்தது.

அந்த இமாமை எண்ணியே, அப்பெரியவரின் சம்பந்தியிடம் நானும் தொலைபேசியில் பேசினேன். ஒருமுறையல்ல, நான்கு முறை. அவர்களைப் பழித்துரைக்கவில்லை. பேத்தியின்பால் அவர்களுக்குள்ள அன்பு என் அன்பினும் பெரிது. அந்த அன்பிற்கு ஆதாரங்களை எடுத்துவைத்தேன். நாற்பதாம் நாள் வந்தது, சென்றது. குழந்தையின் மேனியில் எவர் கத்தியும் படவில்லை. சம்பந்தியம்மாளின் மனத்தாங்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. அது தீரும் வரை பேசுவதும் என் கடமையே.

உலமாப் பெருமக்களே! மிம்பரில் இதனைப் பேச நாணாதீர்கள். தாய்மார்களே! வெளிநாட்டில் வாழும் மகளிடம் இதைப் பற்றி இன்றே கேளுங்கள். தந்தையரே! மணம் பேசும்போது சீர்வரிசையை விரிவாகப் பேசுகிறீர்கள். பிறக்கப்போகும் பெண்மகவைப் பற்றியும் ஒரு சொல் பேசிவையுங்கள்.

அழகிய அமைப்பில் மனிதனைப் படைத்த வல்ல நாயன், அவன் அளித்த அமானிதங்களைப் பழுதின்றிக் காக்க நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.