மலைப் பயணத்திற்கு வழி வகுத்தல்

மலையேறிக் கூடாரமடித்துத் தங்கிவர வேண்டும் என்னும் ஆர்வம் தோட்டப்புற இளைஞர் பலருக்கு உண்டு. உடலுக்கும் உள்ளத்திற்கும் உரமளிக்கும் நல்ல ஆர்வம் அது. ஆயினும், பல நாள் பயணத்தில் நம்மைக் காப்பது கால்வலிமை மட்டுமன்று. புறப்படுமுன் வகுத்துக்கொள்ளும் திட்டமே முதற்காவல்.

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய தஹான் மலையை எடுத்துக்கொள்வோம். தாமான் நெகாரா தேசியப் பூங்காவினுள் 2,187 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. கோலா தஹானிலிருந்து செல்லும் பழைய வழியில் சென்று திரும்ப ஏறத்தாழ 7 நாள்கள் ஆகும். மெராப்போ வழியில் ஏறத்தாழ 4 நாள்கள் ஆகும். எவ்வழியாயினும் முன்அனுமதியும் வழிகாட்டியும் தேவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பது அறிவுடைமை.

வழியை முடிவு செய்தபின், ஒவ்வொரு நாளுக்கும் உரிய தொலைவை வகுக்க வேண்டும். 1:50,000 அளவுள்ள நிலப்படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் செங்குத்தானது என்று அறியலாம்.

நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் கூறிய கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம். அதனுடன் 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் 1 மணி நேரம். 8 கிலோமீட்டர் தொலைவும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு இக்கணக்குப்படி 3 மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். ஆனால் வேரும் சேறும் நிறைந்த நம் காட்டில், முதுகில் சுமையுடன் நடப்போர் அதனை இருமடங்காக்கி, 6 மணி நேரம் என்று கொள்வதே பாதுகாப்பு. காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் மழைக்கு முன் முகாமை அடையலாம். பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து பழகிய நமக்கு இது கடினமன்று. மலையோட்டப் பயிற்சி பெற்றவர்களும் தங்கள் ஓட்ட வேகத்தை நம்பிக் கணக்கிடலாகாது. குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகமே.

அடுத்து, வழியில் கடக்கவேண்டிய ஆறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் நிற்குமிடத்தில் வெயில் அடித்தாலும், மேற்புறத்தில் மழை கொட்டினால் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரும். இதனையே மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், இரைச்சல் மிகுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மேட்டுநிலத்திற்கு ஏறிவிட வேண்டும். ஆற்றோர மணல்திட்டில் கூடாரம் அடிக்கலாகாது.

பெருகிய ஆறு வடியும்வரை காத்திருப்பதே ஒரே வழி. ஆனால் காத்திருக்க மனம் இடம் தருமா? மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும், அரிசியும் தீர்ந்துவிட்டது என்னும் நிலையில்தான் துணிந்து ஆற்றில் இறங்கத் தோன்றும். உயிருக்கு ஆபத்தான வேளை அதுவே. ஆகவே, 4 நாள் பயணத்திற்கு 5 நாள் விடுப்புக் கேளுங்கள். 5 நாள் உணவும் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு நாள் வீணான நாளன்று. ஆற்றங்கரையில் பொறுமையுடன் அமர்ந்திருக்க உதவும் நாள்.

இறுதியாக, செல்லும் வழி, தங்கும் இடங்கள், திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்துச் செல்லுங்கள். உள்காட்டில் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் கிடைக்காது. அந்த மிகைநாளும் கடந்து நீங்கள் திரும்பாவிடில், அவர்கள் 999 எண்ணை அழைக்கட்டும். உங்களை எங்கே தேடுவது என்பதை அந்தத் தாள் கூறும்.

சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். சென்றவர் அனைவரும் வீடு திரும்புவதே வெற்றிப் பயணம்.