பாலத்தின் அகலமே பயணத்தின் வேகம்

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அணைத்து நிற்கும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். ஆதிரங்கன் பள்ளிகொண்ட இவ்வூருக்கு எத்திசையிலிருந்து வந்தாலும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். திவான் பூர்ணய்யாவின் காலத்தில், 1804ஆம் ஆண்டில் எழுந்த வெல்லெஸ்லி கற்பாலம் இன்றும் இங்கே நிற்கிறது. கரையில் எத்தனை வண்டிகள் காத்திருந்தாலும், பாலம் இடம் தரும் அளவுக்கே அவை தீவுக்குள் நுழைய முடியும். இணையவழியே ஆவணங்களை ஏற்றும்போதும் நிகழ்வது இதுதான்.

தீவைச் சுற்றிலும் கரும்பு வயல்கள். வெல்லக் கொட்டகை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், அரவைப் பருவம் தொடங்குமுன் நடைமுறை மூலதனக் கடனுக்கு இணையவழியே விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். பஹணி, வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை எனப் பன்னிரண்டு பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து ஏற்றுகிறார். பாதி ஏறியதும் 'நேரம் கடந்துவிட்டது' என்ற அறிவிப்பு தோன்றுகிறது. மூன்றாம் முறையும் அதே கதி. கரும்புக்கும் கூலியாட்களுக்கும் முன்பணம் தரவேண்டிய நாளோ நெருங்குகிறது. தளத்தின் மீது பழிபோட்டு எழுந்துவிடுமுன், நாம் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு சொல்லும் காரணம்

கைப்பேசிப் படம் ஒன்று 4 எம்பி எனில், பன்னிரண்டு படங்கள் 48 எம்பி. கோப்பின் அளவைப் பைட்டிலும் இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் சொல்வது வழக்கம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுகள். ஆக, அனுப்பவேண்டியது 384 மெகாபிட். பதிவேற்ற வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் 192 நொடிகள், அதாவது மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் தளம் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும்.

விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் பதிவிறக்க வேகமே. பதிவேற்ற வேகம் அதில் ஒரு சிறு பங்காக இருக்கலாம். திரைப்படம் தடையின்றி ஓடும் வீட்டிலும் ஆவணம் ஏறாமல் நிற்பது இதனால்தான்.

அடைப்பு எங்கே?

முதலில், வேகச் சோதனைத் தளம் ஒன்றில் பதிவேற்ற வேகத்தைத் தனியே பாருங்கள். அடுத்து, அதே கோப்பை அகலக்கற்றையில் ஒருமுறையும் கைப்பேசித் தரவில் ஒருமுறையும் அனுப்பிப் பாருங்கள். ஒன்றில் விரைவாகவும் மற்றதில் மெதுவாகவும் சென்றால், குறை உங்கள் இணைப்பில் உள்ளது. இரண்டிலும் மெதுவாகச் சென்று, பிற தளங்களுக்கு அதே கோப்பு விரைவாக ஏறினால், குறை இந்தத் தளத்திலோ அதற்குச் செல்லும் வழியிலோ உள்ளது. எந்த நேரத்தில், எத்தனை எம்பி, எத்தனை விழுக்காட்டில் நின்றது என்று குறித்துக் கொடுத்தால் உதவி மையத்தின் வேலை பாதி முடிந்தது.

சுமையைக் குறையுங்கள்

கைப்பேசியின் ஸ்கேன் செயலியில் சாம்பல் நிறத்தில், எழுத்துத் தெளிவாகத் தெரியும் அளவில் பதிந்தால் ஒரு பக்கம் 300 கேபிக்குள் அடங்கக்கூடும். பன்னிரண்டு பக்கங்களுக்கு 3.6 எம்பி. முன்பு மூன்று நிமிடங்களைத் தாண்டிய அதே இணைப்பில் இது சுமார் 15 நொடிகளில் ஏறிவிடும். 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் உங்கள் ஆவணம் இருந்து, தளமும் அதை ஏற்குமாயின், படமெடுக்கும் வேலையே இல்லை.

தளம் நடத்தும் தொழில்முனைவோருக்கு

உங்கள் நிறுவனத்தின் செயலி மேகக் கணிமையில் இயங்குகிறதா? அதன் சேவையகம் எங்கே உள்ளது என்று கேளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆயினும் அமெரிக்காவுக்குச் சென்று திரும்ப 0.2 நொடிக்கு மேலும் ஆகலாம். 64 கேபி அனுப்பிவிட்டு, 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருந்து அடுத்ததை அனுப்பும் பழைய அமைப்பில், கம்பி எவ்வளவு அகலமாயினும் நொடிக்கு 320 கேபிக்கு மேல் செல்லாது. மைக்ரோசாஃப்ட் 2015இலும், அமேசான் 2016இலும், கூகுள் 2017இலும் இந்தியாவில் தம் மேகத் தரவு மையங்களைத் திறந்துவிட்டன. அருகில் இருப்பதைத் தேர்ந்தால் காத்திருப்புக் குறையும்.

கோப்பு முதலில் செயலியின் சேவையகத்துக்கும் பிறகு சேமிப்பகத்துக்கும் செல்வது இரட்டைச் சுமை. நேரே சேமிப்பகத்துக்குச் செல்ல வழி செய்யலாம். பெரிய கோப்பைத் துண்டுகளாக அனுப்பினால், அறுந்த இடத்திலிருந்து தொடரலாம்.

அவசரத்தில் தவறாதீர்

கோப்பைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் அறிமுகமற்ற தளங்களில் ஆதாரையும் பான் அட்டையையும் ஏற்றாதீர்கள். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமெனில் அதையே கொடுங்கள். 'நான் ஏற்றித் தருகிறேன்' என்று அழைப்பவரிடம் ஓடிபியைச் சொல்லாதீர்கள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 'சமர்ப்பி' பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாமல், விண்ணப்ப எண் வந்ததா என்று முதலில் பாருங்கள். எதுவும் பயன் தராவிட்டால் ஆவணங்களுடன் கிளைக்கு வாருங்கள்.

பாலத்தை உடனே அகலப்படுத்த நம்மால் இயலாது. வண்டியின் பாரத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. கொட்டகையில் அடுப்பு மூட்டும் நாளுக்குள் கடன் கைக்கு வர, விண்ணப்பம் இன்றே அக்கரை சேரட்டும்.