எங்கே போடப் போகிறீர்கள்?

"அண்ணாச்சி, அஞ்சு நூல் போல்ட் அம்பது குடுங்க. துருப்பிடிக்கக் கூடாது."

தூத்துக்குடியில் போல்ட் நட் கடை வைத்திருக்கும் என்னிடம் பாதிப்பேர் இப்படித்தான் கேட்பார்கள். எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை. உப்பளத்துப் பம்புக்கா, விசைப்படகுக்கா, ஐஸ் பிளான்டுக்கா, வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கா? எல்லா இடத்திலும் துருப்பிடிக்காத போல்ட் என்று ஒன்று கிடையாது. இன்ன இடத்தில் தாங்கும் என்று மட்டுமே சொல்ல முடியும்.

எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 304 ரகம். அதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலைப் போர்த்துகிறது. கீறல் விழுந்தால் அந்தத் தோல் தானே மறுபடி வளரும். உப்பிலிருக்கும் குளோரைடுதான் அதற்கு எமன், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கடற்கரை ஊர்களில் 304 போல்ட் சீக்கிரமே பழுப்பாகக் கறைபடுவது இதனால்தான். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக் காற்றை நன்றாகவே தாங்கும். ஆனால் கடல்நீருக்குள் முழுதும் மூழ்கிக் கிடந்தால் 316-ம் போதாது. தலை பளபளவென்று இருக்கும், கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் கழுத்து அரித்திருக்கும். அந்த இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, தோல் வளர வழியில்லை, உப்பும் அமிலமும் அங்கேயே சேர்கின்றன. அந்த இடத்துக்கு 25 சதவீதம் குரோமியமும் சுமார் 4 சதவீதம் மாலிப்டினமும் கொண்ட சூப்பர் டூப்ளக்ஸ் வேண்டும், அல்லது டைட்டானியம். விலை பல மடங்கு.

பலர் சட்டைப்பையில் காந்தத்தோடு வருகிறார்கள். காந்தம் ஒட்டினால் போலி என்று முடிவே கட்டிவிடுவார்கள். சூடாக்காமல் அடித்துத் தலை உருவாக்கிய அசல் 304 போல்ட்டிலும் காந்தம் லேசாக இழுக்கும். 316-ஐவிட உயர்ந்த டூப்ளக்ஸில் நன்றாகவே ஒட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசையில் ஒட்டாமலும் போகலாம், அதுவோ உப்புக்கு 304 அளவுகூட நிற்காது. போல்ட்டின் தலையைப் பாருங்கள். ஏ2-70 என்றால் 304 குடும்பம், ஏ4-80 என்றால் 316 குடும்பம். பின்னால் வரும் எண் பலத்தைச் சொல்லும்: 70 என்றால் 700 மெகாபாஸ்கல், 80 என்றால் 800. பெரிய ஆர்டர் என்றால் டெஸ்ட் சர்ட்டிபிகேட் கேளுங்கள். கேட்பவரை நான் மதிக்கிறேன்.

நீச்சல் குளத்துக்கு என்று யாராவது வந்தால் மட்டும் உட்காரவைத்துப் பேசுவேன். 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தொங்கவிட்டிருந்தவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டுகள். குளத்துக் குளோரின் காற்றில் ஏறி அவற்றின்மேல் படிந்தது. எந்நேரமும் பாரத்தை இழுத்துக்கொண்டிருந்த உலோகத்தில் நுண்ணிய வெடிப்புகள் ஓடி, தண்டுகள் அறுந்தன. இந்த அரிப்பு துரு மாதிரி வெளியே வந்து எச்சரிக்காது. தலைக்குமேல் பாரம் தொங்கும் அப்படிப்பட்ட இடத்துக்கு 304-ம் கூடாது, 316-ம் கூடாது. மாலிப்டினம் 6 சதவீதம் அளவுள்ள உயர்ரகம் இருக்கிறது. அதற்குப் பணமில்லை என்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு ஆசை, இருப்பதிலேயே பலமான ஹை டென்சில் போல்ட் வேண்டும் என்பது. எஃகு கடினமாகக் கடினமாக ஹைட்ரஜனுக்குப் பயப்பட வேண்டும். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் புதிய பாலத்தில் 2013 மார்ச்சில் 3 அங்குலத் தடிமனுள்ள 96 நங்கூரத் தண்டுகளை இறுக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் 32 முறிந்தன. துத்தநாகம் பூசிய, அதிக பலமுள்ள எஃகு அது. தண்ணீர் தேங்கிய குழிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. உள்ளே புகுந்த ஹைட்ரஜன் எஃகை நொறுங்கும்படி செய்துவிட்டது. அதனால், கடலோர ஷெட்டுக்கு ஜிங்க் பிளேட்டிங் போட்ட 12.9 தர ஹை டென்சில் போல்ட் கேட்பவரிடம், சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த, கடினமும் பலமும் குறைந்த 8.8 தரத்தை ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொல்வேன். பெரிய அளவுக்குத் துளை போட இடமிருக்கிறதா என்று இன்ஜினியரிடம் கேட்டு வரட்டும், காத்திருக்கிறேன்.

பக்கத்தில் எந்த உலோகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரிய எஸ்.எஸ். தகட்டில் துத்தநாகம் பூசிய சின்ன ஜி.ஐ. போல்ட்டை முடுக்கினால், ஈர உப்பு பட்டதும் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் ஓடும். கரைவது போல்ட்தான், அதுவும் வேகமாக. பெரிய ஜி.ஐ. சட்டத்தில் சின்ன எஸ்.எஸ். போல்ட் அவ்வளவு கெடுதல் இல்லை, நடுவே நைலான் வாஷர் வைத்தால் இன்னும் நல்லது.

எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை இம்பாக்ட் ரெஞ்ச் வைத்து ஓட்டாதீர்கள். உராய்வில் தோல் கிழிந்து மரையும் மரையும் ஒட்டிப்போகும். ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, கையால் மெதுவாக முடுக்க வேண்டும். ஒருமுறை ஜாம் ஆனால் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.