புகை காத்த வீடு

புகை என்றாலே நமக்கெல்லாம் ஜென்மப் பகை! சமையலறைச் சுவரில் லேசாகக் கரி படிந்தால் போதும், சோப்புத் தண்ணீரும் கையுமாகக் கிளம்பிவிடுவோம். ஆனால் ஜப்பானில் ஒரு வீட்டையே புகை காப்பாற்றி வருகிறது என்றால் நம்புவீர்களா?

என் கணவர் வேலை விஷயமாக நகோயா போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அவருடைய சக ஊழியரின் மனைவி, ஒருநாள் என்னை ட்ஸுமாகோ என்ற மலைக் கிராமத்துக்கு அழைத்துப் போனார். நாகிஸோ வரை ரயில், அப்புறம் பஸ்.

டோக்கியோ நகரம் எடோ என்ற பெயரில் இருந்த காலத்தில், அங்கிருந்து கியோட்டோவுக்கு மலை வழியாகப் போன நெடுஞ்சாலை நகசெண்டோ. பயணிகள் தங்கிப் போக வழிநெடுக 69 ஊர்கள். ட்ஸுமாகோ 42-வது ஊர்.

அங்கே பிரபுக்களும் அதிகாரிகளும் தங்கிய விடுதிகளில் ஒன்று 'ஓகுயா'. இப்போதுள்ள கட்டடம் 1877-ல் எழுந்தது. அதற்கு முந்தைய காலத்தில் ஹினோகி மரத்தைச் சாதாரண ஜனங்கள் வெட்டினால் தலையே போகுமாம்! தடை நீங்கியதும், ஆசை தீர ஹினோகியாலேயே கட்டிவிட்டார்கள். 1880-ல் மெய்ஜி சக்ரவர்த்தி இங்கே இளைப்பாறியிருக்கிறார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். தரையில் பதித்த சதுர அடுப்பு, 'இரோரி' என்கிறார்கள். மேலிருந்து தொங்கும் கொக்கியில் கெட்டில். புகை கூரையை நோக்கி ஏற, என் கண் கரித்தது.

"இன்னும் ஏம்மா விறகு எரிக்கிறீங்க?" என்றேன். தோழி மொழிபெயர்த்தார்.

வீட்டைச் சுற்றிக் காட்டிய அம்மாள் சிரித்தார். "புகை பட்டாத்தான் மரத்துல ஈரம் தங்காது, பூச்சி அண்டாது. அடுப்பு அணைஞ்சா வீட்டுக்கு வயசாயிடும்."

புகையும், தினசரி துடைக்கிற துணியும் சேர்ந்து தூண்களுக்குக் கறுப்பாக ஒரு பளபளப்பைத் தந்திருந்தன.

புதிய சாலையும் ரயிலும் வந்தபின் பழைய நெடுஞ்சாலையை யார் சீந்துவார்கள்? பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். ஊரே காலியாகிவிடும் நிலை. 1971-ல் ஊரார் கூடி மூன்று கட்டுப்பாடுகள் விதித்துக்கொண்டார்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே! 1976-ல் அரசாங்கமும் ஊரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது.

"பழைய வீட்டைக் கட்டிக்கிட்டு அழறது மருமகள்களுக்குக் கஷ்டமில்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

"கஷ்டந்தான். குளிர்காலத்துல இடுக்கெல்லாம் காத்து வரும். ஆனா பெருக்கித் துடைக்க ஆள் இல்லேன்னா, சட்டம் மட்டும் வீட்டைக் காப்பாத்துமா?"

எத்தனை நிஜம்!

ஊர் திரும்பியதும் என் சமையலறைக் கரியைப் பார்த்தேன். தேய்க்க மனசு வரவில்லை. ஆனால் என்ன செய்வது? எங்கள் வீடு சிமெண்டாயிற்றே! சோப்புத் தண்ணீரைக் கையிலெடுத்தேன்.